பேச்சுப் போட்டியை விடுங்கள், 'மறுகா'வைப் பிடியுங்கள்

கேள்வி இதுதான். கல்முனையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி, சட்டம் இரண்டாம் வருடம் படிக்கிறார். சர்வதேசச் சட்ட மூட் கோர்ட் போட்டி ஒன்றுக்கு, அதாவது கற்பனை வழக்கொன்றை நீதிபதிகள் முன்னால் மாணவர்கள் வாதாடும் போட்டிக்கு, அவருடைய அணி தெரிவாகியிருக்கிறது. பாடசாலைக் காலத்தில் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டியில் மாகாண மட்டம் வரை போனவர். "மேடைப் பயம் இல்லை அக்கா. ஆனால் ஒத்திகையில் குறுக்கே ஒரு கேள்வி வந்தால் எல்லாம் மறந்துபோகிறது. ஆங்கிலமும் தடக்குகிறது. இதிலிருந்து எப்படி உயிரோடு வெளியே வருவது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் மட்டக்களப்பில் தொழில் செய்கிற சட்டத்தரணி. மாணவியாக மூன்று மூட்களில் நின்றேன். முதலாவதில் மானம் போனது, மற்ற இரண்டில் ஓரளவு மீட்டெடுத்தேன். இப்போது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒத்திகைகளுக்கு நீதிபதியாக உட்காரக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததால் சொல்கிறேன், தங்கச்சி: உங்களைக் கவிழ்க்கிறது பயமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அந்த மாகாண மட்டப் பேச்சுப் போட்டிதான்.

கோபிக்க வேண்டாம், நானும் அதே பட்டறைதான். கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம். ரீச்சர் எழுதித் தருவார், அப்பா திருத்துவார், ஒரு கிழமை பாடமாக்குவோம். வலக்கை எங்கே எழ வேண்டும், குரல் எங்கே உடைய வேண்டும் என்பதுவரை பாடம். முதல் மணி அடித்தால் முடிவுரைக்குத் தாவ வேண்டும். அங்கே நடுவர் வாயே திறக்கமாட்டார். மூட்டில் நீதிபதி வாய் திறப்பதுதான் போட்டி. நீங்கள் கொண்டுபோகிற பேச்சு, அவர் கேள்வி கேட்கத் தொடங்கும்வரைக்கும் தான்.

என் முதல் மூட்டுக்குப் பதினான்கு நிமிடப் பேச்சு ஒன்றைக் கொழும்பு பஸ்ஸில் விடிய விடியப் பாடமாக்கினேன். எழுந்து தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் இருந்தவர் கேட்டார்: "இது விடயக்கோவையில் எந்தப் பந்தியில் இருக்கிறது?" விடயக்கோவை என்பது போட்டிக்காகத் தருகிற கற்பனை வழக்கின் தாள்கள். சாதாரணக் கேள்வி. "அதற்கு வருகிறேன், மை லோர்ட்" என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல், பழைய கசெட்டைத் திருப்பிப் போட்ட மாதிரி, "மே இட் ப்ளீஸ் த கோர்ட்" என்று முதலிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார். இரண்டாவது கேள்வி வந்ததும் மறுபடியும் அதே கதை. பிறகு தந்த புள்ளித்தாளில் ஒரு வரிதான் எழுதியிருந்தது: ஞாபகசக்தி நன்று.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

உங்களுடையது எந்தப் போட்டி என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பெரியது ஜெசப். 1960 இல் தொடங்கியது. சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த அமெரிக்கரான பிலிப் ஜெசப்பின் பெயரைத் தாங்கியது. இரண்டு கற்பனை நாடுகள் ஹேக்கில் இருக்கும் அதே நீதிமன்றத்தில் மோதுவதாக வைத்து நடத்துவார்கள். ஒரு அணிக்கு 45 நிமிடம், இரண்டு பேர் பேசுவார்கள், மறுப்புரைக்கு அதிலிருந்து 10 நிமிடம் வரை ஒதுக்கி வைக்கலாம். வியன்னாவில் நடக்கும் விஸ் மூட் சர்வதேச வணிக நடுத்தீர்ப்புக்கானது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தெற்காசியாவில் நடத்தும் ஹென்றி டியூனன்ட் மூட் யுத்தகாலச் சட்டத்துக்கானது. உள்ளூர் மூட் என்றால் பெரும்பாலும் நம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்றம். எல்லாவற்றிலும் வாதம் சட்டத்தைப் பற்றியது. சாட்சிக் கூண்டு இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அதனால் எதிரணி பேசும்போது "ஒப்ஜெக்ஷன் மை லோர்ட்" என்று துள்ளி எழும்பாதீர்கள். வருடா வருடம் ஒரு பிள்ளையாவது எழும்புகிறது. சினிமா செய்கிற வேலை.

முதலில் விடயக்கோவை. மூட் புரொப்ளம் என்று தருவார்களே, பந்திக்குப் பந்தி இலக்கம் போட்ட அந்தத் தாள்கள். கையில் கிடைத்ததும் எல்லோரும் இணையத்தில் வழக்குத் தேட ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். ஒரு கிழமை அதை மட்டும் வாசியுங்கள். ஒரு பிறிஸ்டல் போட் வாங்கி, திகதிகளை மட்டும் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விடயக்கோவை எழுதுகிறவர்கள் பொறியைப் பெரும்பாலும் திகதியில்தான் வைப்பார்கள். ஒப்பந்தம் கைச்சாத்தானது ஒரு திகதி, அது நாட்டின் மேல் அமுலுக்கு வந்தது இன்னொரு திகதி, அணை உடைந்தது இரண்டுக்கும் நடுவில். அப்படியென்றால் அந்த ஒப்பந்தத்தை வைத்துக் குற்றம் சாட்ட முடியுமா? 1969 ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரை, வேறு எண்ணம் தெரியாதவிடத்து ஒப்பந்தம் பின்னோக்கிப் பாயாது என்கிறது. போர்டில் திகதி ஒட்டியவருக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும். ஒட்டாதவருக்கு நீதிபதி சொல்லித் தருவார்.

உள்ளூர் மூட்டிலும் இதே கதைதான். அடிப்படை உரிமை மீறல் மனு என்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். விடயக்கோவையில் மனு மூன்று மாதம் கழித்து வந்திருக்கும். எதிரணி எழும்பி முதல் வசனத்திலேயே ஆரம்ப ஆட்சேபணை போடும். ஆனால் எங்கோ ஒரு உப பந்தியில், சம்பவம் நடந்து இரண்டாவது கிழமையில் மனுதாரர் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தார் என்று ஒரு வரி கிடக்கும். அது சும்மா கிடக்கவில்லை. 1996 ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்திருந்தால் அந்த விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்கிறது. உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரியில் இருந்திருக்கும்.

இன்னொன்று: விடயக்கோவையில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. போன வருடம் ஒரு தம்பி, கற்பனை நாட்டின் நதி கோடையில் வற்றிவிடும் என்று அடித்துச் சொன்னார். எந்தப் பந்தி என்று கேட்டேன். தேடினார், தேடினார், இல்லை. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது ஒத்துக்கொண்டார்: அவர் மனதில் ஓடியது தங்கள் ஊர் ஆறு. நம்முடைய ஆறுகள் வற்றட்டும், பிரச்சினையில்லை. அந்த நாட்டின் நதியை வற்றவைக்க நமக்கு உரிமை கிடையாது.

அடுத்தது வழக்குத் தீர்ப்புகள். தீர்ப்பின் பெயரைத் தெரிந்திருப்பது ஒன்று, அது எதைத் தீர்த்தது என்று தெரிந்திருப்பது வேறு. நம் பக்கத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட கோடீஸ்வரன் வழக்கையே எடுங்கள். தமிழ் எழுதுவினைஞர் ஒருவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாததால் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள், அவர் வழக்குப் போட்டார், வென்றார், 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் செல்லாது என்று, அப்போது நம் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலே சொன்னது: இப்படித்தான் வாய்வழியாக வந்திருக்கிறது. ஒத்திகையில் ஒரு பிள்ளை இதை அப்படியே சொன்னார். நடந்தது என்ன? 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம்தான் சட்டம் செல்லாது என்றது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் போகாமல், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசுமேல் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பை மாற்றியது. 1969 இல் பிரிவிக் கவுன்சில், வழக்குப் போடலாம் என்று மட்டும் சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வருவதற்குள் 1972 அரசியலமைப்பு வந்துவிட்டது. மூன்று நீதிமன்றம், மூன்று விடை. "பிரிவிக் கவுன்சில் எந்தப் பந்தியில் அப்படிச் சொன்னது?" என்று நீதிபதி கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்வார்?

யார் சொன்னது என்பதும் முக்கியம். சுற்றாடல் சம்பந்தப்பட்ட மூட் என்றால் இலங்கைப் பிள்ளைகள் ஆசையோடு எடுப்பது 1997 ஆம் ஆண்டின் கப்சிகோவோ–நாகிமாரோஸ் வழக்கு. டானூப் நதி அணை பற்றி ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் சர்வதேச நீதிமன்றத்தில் நடந்தது. நம் நாட்டு நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி அதில் நிலைபேறான அபிவிருத்தி பற்றி எழுதும்போது இலங்கையின் பழைய குளங்களையும் நீர்ப்பாசனத்தையும் எடுத்துக்காட்டாக வைத்தார். உன்னிச்சைக் குளத்தையும் சேனநாயக்க சமுத்திரத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை வாசிக்கும்போது புல்லரிக்கும், எனக்கும் புல்லரித்தது. ஆனால் அது அவருடைய தனிக் கருத்து, நீதிமன்றத்தின் தீர்ப்பு அல்ல. "நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று தொடங்கினால் தெரிந்த நீதிபதி உடனே பிடிப்பார். "நீதியரசர் வீரமந்திரி தமது தனிக் கருத்தில் கூறியது போல" என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், பிறகு அதன் பலத்தைப் பற்றிப் பேசலாம். எப்பாவெல பொஸ்பேட் வழக்கில், 2000 இல், நம் உயர் நீதிமன்றம் அதே கருத்தை எடுத்துப் பேசியது என்று சேர்க்கவும் இடம் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவு தரும் வழக்குப் பெயரைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். 2023 இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் அப்படி எடுத்த, உலகத்திலேயே இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் வைத்து 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். மட்டக்களப்பில் பெரிய சட்ட நூலகம் இல்லை என்ற கவலையும் வேண்டாம். சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் முழுவதும் அதன் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. நம் உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆகியவற்றின் புதிய தீர்ப்புகளும் அவற்றின் தளங்களில் இருக்கின்றன. என்எல்ஆர், எஸ்எல்ஆர் என்ற பழைய சட்ட அறிக்கைத் தொகுப்புகளில் உள்ள தீர்ப்புகளை கொமன்லீ (CommonLII) என்ற இலவசத் தளத்தில் தேடலாம். ஐக்கிய நாடுகளின் ஒலி-ஒளி நூலகத்தில் பெரிய பேராசிரியர்களின் விரிவுரைகள் உண்டு. டேட்டா இருக்கிற இரவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. குறுக்கே கேட்டால் மறந்துபோகிறதே, என்ன செய்வது?

உங்கள் அம்மம்மா கதை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாசலில் யாரோ கூப்பிடுவார்கள், சின்னவன் தண்ணி கேட்பான், அடுப்பில் பால் பொங்கும். அவ ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "மறுகா..." என்று, 'பிறகு' என்பதற்கு நம் ஊர்ச் சொல் ஒன்றைச் சொல்லி, விட்ட இடத்தைச் சரியாகப் பிடிப்பா. கதை முறியாது. ஏனென்றால் அவ கதையைப் பாடமாக்கவில்லை. கதை எங்கே போகிறது என்று அவவுக்குத் தெரியும், அவ்வளவுதான். மூட்டில் வேண்டியது அந்த 'மறுகா'தான்.

அதனால் பேச்சை எழுதாதீர்கள். ஒரு மனிலா ஃபைலைத் திறந்து, உள்பக்கம் இரண்டிலும் எல்லாம் அடங்கட்டும். இடப்பக்கம் தொடக்க வசனம் ஒன்று, உங்கள் மூன்று வாதங்களும் ஒவ்வொரு வசனத்தில். வலப்பக்கம் ஒவ்வொரு வாதத்துக்கும் கீழே பந்தி இலக்கம், உறுப்புரை, வழக்கு, அதன் கீழே சிவப்பு மையில் அந்த வாதத்துக்கு வரக்கூடிய மிக மோசமான கேள்வி. அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். தொடக்க வசனத்தையும் கடைசிப் பரிகார வேண்டுதலையும் மட்டும் பாடமாக்கலாம். பதற்றத்தில் நாக்கு பிடித்துக்கொள்ள இரண்டு தூண் வேண்டும்.

கேள்வி வந்தால் முதல் விதி: நிறுத்துங்கள். சொல்லின் பாதியில் இருந்தாலும் நிறுத்துங்கள். நீதிபதி வாயைத் திறந்த பிறகு வெளியே வருகிற ஒவ்வொரு எழுத்தும் உங்கள் புள்ளியைக் கழிக்கிறது. இதைப் பார்த்துப் பழக வேண்டும் என்றால் விடுமுறைக்கு வரும்போது ஒரு காலை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மேல் நீதிமன்றத்தில் பொதுமக்கள் வாங்கில் உட்காருங்கள். அனுபவமுள்ள சட்டத்தரணி, "கனம் கோட்டார் அவர்களே" என்று முழங்கிக்கொண்டு போகிறவர், நீதிபதி பேனையைக் கீழே வைத்ததும் நடுச் சொல்லில் நிற்பதைப் பாருங்கள். பஸ் பிரேக் பிடித்த மாதிரி.

இரண்டாவது: முதல் சொல் 'ஆம்' அல்லது 'இல்லை'. விளக்கம் பிறகு. ஒரு உதாரணம். ஹேக் நீதிமன்ற மூட்டில் நீங்கள் இரண்டு பழைய தீர்ப்புகளை அடுக்குகிறீர்கள். நீதிபதி கேட்கிறார்:

"அந்தத் தீர்ப்புகளுக்கு இந்த நீதிமன்றம் கட்டுப்பட்டதா?"

பேச்சுப் போட்டிப் பிள்ளை சொல்வது: "யுவர் எக்ஸலன்சி, 1986 இல் நிக்கராகுவா வழக்கில் நடந்தது என்னவென்றால்..." என்று பின்னால் ஓடுவார். நீதிபதி மறுபடியும் அதையே கேட்பார், கொஞ்சம் உரக்க.

சொல்ல வேண்டியது: "இல்லை, யுவர் எக்ஸலன்சி. இந்த நீதிமன்றத்தின் நியதிச் சட்டத்தில் உள்ள 59ஆம் உறுப்புரைப்படி ஒரு தீர்ப்பு அந்த வழக்கில் அந்தத் தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் 38ஆம் உறுப்புரை நீதிமன்றத் தீர்ப்புகளைச் சட்டத்தைக் கண்டறியும் துணைவழியாக ஏற்கிறது. இந்த நீதிமன்றமும் காரணமில்லாமல் தன் பழைய நியாயத்தை விட்டு விலகுவதில்லை. விலக இங்கே காரணம் இல்லை என்பதே எங்கள் சமர்ப்பணம். அதனால்தான் இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன்..."

அந்த 'அதனால்தான்' உங்களுடைய மறுகா. கேள்வியின் வாலைப் பிடித்தே உங்கள் அடுத்த வாதத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். இருபது வினாடி. நான் நீதிபதியாக உட்காரும்போது இதைச் செய்கிற பிள்ளைக்கு, ஆங்கிலம் எப்படி இருந்தாலும், பேனை தானாக மேலே போகும்.

கேள்வி எல்லாமே அடிக்க வருவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சில நீதிபதிகள் கை கொடுக்க வருவார்கள். "நீங்கள் சொல்ல வருவது, எச்சரிக்கை கொடுக்காததே தவறு என்பதுதானே?" என்று அவர் கேட்டால் அது உங்கள் வாதத்தை உங்களைவிடத் தெளிவாகச் சொல்வது. பயந்துபோய் "இல்லை மை லோர்ட்" என்று தள்ளிவிட்டவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். "ஆம், அதேதான்" என்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். வேறு சிலர் விட்டுக்கொடுக்க வைப்பார்கள்: "இதை ஒத்துக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் அதையும்?" அங்கே வேலியில் ஒரு கதியாலை விடலாம், வளவை விடக் கூடாது. எதை விட்டால் வழக்கு விழாது, எதை விட்டால் விழும் என்று முதல் நாள் இரவே இரண்டு பேச்சாளரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'அப்படியே எடுத்துக்கொண்டாலும்' என்று தொடங்கும் மாற்று வாதம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

உண்மையாகவே தெரியாவிட்டால்? தெரியாது என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு நகருங்கள். அந்த இடத்தில் நீதிமன்றத்துக்கு உதவ முடியவில்லை என்று ஒரு வசனம் போதும். பொய்யான ஒரு வழக்கைச் சொல்லி மாட்டினால் மிச்ச நிமிடங்கள் முழுவதும் உங்களை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆங்கிலம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன்: நம்மவர்கள் கெடுவது குறைவான ஆங்கிலத்தால் அல்ல, கூடிய ஆங்கிலத்தால். புத்தகத்திலிருந்து எடுத்த நாற்பது சொல் வசனத்தைச் சொல்லப் போய் நடுவில் எழுவாயைத் தொலைக்கிறார்கள். பத்துச் சொல்லில் நிறுத்துங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். உச்சரிப்பு நம் ஊர் உச்சரிப்பாகவே இருக்கட்டும், யாரும் புள்ளி வெட்டமாட்டார்கள். "ஐ திங்க்" என்பதை மட்டும் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் நினைப்பை அங்கே யாரும் கேட்கவில்லை, "ஐ சப்மிட்" என்பதே முறை. குடியியல் வழக்கின் பெயரில் நடுவில் இருக்கிற 'வீ' எழுத்தை ஆங்கில வழக்கப்படி 'அண்ட்' என்று வாசிப்பார்கள். பழைய நீதிபதி ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தச் சின்ன விடயத்துக்கே முகம் மலரும்.

அப்புறம், ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன்னால் தமிழில் விளங்கியிருக்க வேண்டும். விடயக்கோவையை உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில். "ஒரு நாடு அணை கட்டினது, மற்ற நாட்டுக்குத் தண்ணி வரல்ல, இப்ப ஆர் காசு கட்டுறது?" என்ற அளவில். அம்மா இடையில் ஒரு கேள்வி கேட்பார்: "முதல்லயே சொல்லிட்டுத்தானே கட்டினவங்க? பிறகென்ன?" அதே கேள்வியைத்தான் மூன்று கிழமைக்குப் பிறகு கோட் போட்ட ஒரு நீதிபதி கேட்பார். என் அம்மா கேட்ட ஒரு கேள்வி அப்படியே இரண்டாவது மூட்டில் வந்தது. அன்றைக்கு வீட்டில் பிட்டுக்குத் தயிரை ஊற்றிக்கொண்டே யோசித்து வைத்திருந்த பதில்தான் என்னைக் காப்பாற்றியது.

ஒத்திகை நடத்தும் விதமும் மாற வேண்டும். உங்கள் அணியினர் ஒருவர் பேச, மற்றவர்கள் கைதட்டுவது ஒத்திகை அல்ல. ஒரு நிமிடம் தாண்ட விடாமல் குறுக்கிடுங்கள். சம்பந்தமில்லாத கேள்வியும் கேளுங்கள். பக்கத்தை மாற்றி எதிரணிக்காகவும் வாதாடுங்கள். ஜெசப் மாதிரிப் போட்டியில் இரண்டு பக்கமும் நிற்க வேண்டிவரும். தவிர, எதிராளியின் வாயால் உங்கள் வாதத்தைக் கேட்டால்தான் அதில் எங்கே ஓட்டை என்று தெரியும்.

எழுத்து மூலச் சமர்ப்பணத்தை, மெமோரியல் என்பார்களே, பேச்சுக்காரர்கள் அலட்சியம் செய்கிறார்கள். அதற்குத் தனிப் புள்ளி உண்டு. சொல் எண்ணிக்கை மீறினால், தாமதமானால் தண்டப் புள்ளியும் உண்டு. கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வடகீழ்ப் பருவமழையில் நம் பக்கத்தில் மின்சாரமும் இணையமும் என்ன பாடுபடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

அணிக்குள் சண்டை வரும். யார் பேசுவது என்பதில்தான் தொடங்கும். என் அபிப்பிராயம், குரல் வளமுள்ளவரை விட பொறுமையுள்ளவரைப் பேச விடுங்கள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி பார்க்கும் ஆளைக் கீழாக நினைக்காதீர்கள். கேள்வி வந்ததும் பந்தி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மெதுவாகத் தள்ளுகிறாரே, அவர்தான் உங்களைக் கரை சேர்ப்பவர். அவருக்கு ஒரு நிபந்தனை: துண்டில் இலக்கம் மட்டும். கடிதம் எழுதக் கூடாது.

போட்டி நாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழும்புக்கு முதல் நாளே போய்விடுங்கள். இரவுப் பஸ்ஸில் இறங்கி முகம் கழுவிவிட்டு நேரே போட்டிக்கு ஓடுவது வேண்டாம், நான் ஓடினதால் சொல்கிறேன். கடன் வாங்கின கறுப்புக் கோட்டின் கையை முதல் நாளே தைத்துச் சுருக்குங்கள். நேரம் முடிந்தது என்று அட்டை காட்டினால், முடிக்க அரை நிமிடம் அனுமதி கேளுங்கள். தந்தால் பரிகார வேண்டுதலைச் சொல்லி உட்காருங்கள், தராவிட்டாலும் நன்றி சொல்லி உட்காருங்கள். நீதிபதியின் முகத்தைப் பார்த்துத் தோல்வியைக் கணக்கிடாதீர்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்குத்தான் கூடிய புள்ளி போட்டிருந்தார். அவருக்கு அன்றைக்குப் பல்வலியாம்.

அடுத்த விடுமுறைக்குக் கல்முனைக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை மட்டக்களப்புக்கு ஏறுங்கள். அணியில் மற்றவர்களையும் கூட்டி வரலாம். விடயக்கோவையையும் அந்த மனிலா ஃபைலையும் மட்டும் கொண்டுவாருங்கள், எழுதின பேச்சு இருந்தால் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நான் ஒரு நிமிடத்துக்குள் குறுக்கிடுவேன்.